தக்கோலப் போரும் நடப்பியல் நோக்கும்

நுழையும்முன்

நாடுகளுக்கிடையே போரும் உடன்படிக்கையும் ஏன் மாறிமாறி வருகின்றன? நேற்றைய நண்பன் இன்றைய பகைவனாவது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் துறையைப் பன்னாட்டு உறவுகள் என்பர். அத்துறையின் மிகப் பழைய சிந்தனை நடப்பியல். இதனை யதார்த்தவாதம் என்றும் வழங்குவர். அச்சிந்தனையைத் தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஒரு போரின் வழியே விளக்குகிறது இக்கட்டுரை.

ஏரியும் படையும்

கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் சோழர் காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் விருதுப்பெயர். ஊருக்கு அருகே பரந்து கிடக்கும் ஏரியும் அவன் பெயராலேயே வீரநாராயணன் ஏரி எனப்பட்டது. மக்கள் நாவில் அது வீராணம் ஆயிற்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இவ்வேரிக்கரையில் ஓர் ஆடிப்பெருக்கு நாளில்தான் தொடங்குகிறது.

பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் தன் படைவீரரைக் கொண்டு இவ்வேரியை வெட்டுவித்தான் என்பது இப்பகுதியின் செவிவழிச் செய்தி. போருக்கெனத் திரட்டிய வீரர் சும்மா இருத்தலாகாது என்று எண்ணி, மண் சுமக்க வைத்தானாம். செவிவழிச் செய்தி சான்றாகிவிடாது; எனினும் அது சுட்டும் ஒரு நிலைமை உண்மையானது. இராசாதித்தன் பல்லாண்டுகள் பெரும்படையுடன் சோழநாட்டின் வட எல்லையில், திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தான். திருநாவலூருக்கு இராசாதித்தபுரம் என்னும் பெயர் அதனால் வந்தது. அவனுடைய படைத்தலைவருள் ஒருவனான சேரநாட்டு வெள்ளங்குமரன் தென்பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் 943-ஆம் ஆண்டு சிவன் கோயில் ஒன்றைக் கற்றளியாக எடுப்பித்தான். கல்லால் கோயில் கட்டும் அளவுக்குப் படை அங்கே நிலைகொண்டிருந்தது.

பட்டத்து இளவரசனும் படையும் தஞ்சையில் இல்லாமல் வட எல்லையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் காரணம் என்ன? அங்கு அப்போது போர் நடக்கவில்லை. போர் வரும் என்ற அச்சமே இருந்தது. நடப்பியல் சிந்தனை இந்த அச்சத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மேலே யாரும் இல்லை

ஓர் ஊரில் இருவருக்கு வரப்புத் தகராறு என்று கொள்வோம். அவர்கள் ஊர்ப்பெரியவரிடம் செல்லலாம். அங்குத் தீராவிடின் நீதிமன்றம் செல்லலாம். தீர்ப்புக்குக் கட்டுப்படாதவரைக் கட்டுப்படுத்தக் காவல்துறை உண்டு. இரண்டு அரசுகளுக்குள் வரப்புத் தகராறு வந்தால் யாரிடம் செல்வது? அரசுக்கு மேல் அரசு இல்லை. இவ்வுண்மையைப் பன்னாட்டு உறவுகள் துறையினர் 'மேலதிகாரமற்ற நிலை' என்பர். குழப்பம் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. பல்லாண்டுகள் அமைதி நிலவும்போதும் மேலதிகாரமற்ற நிலை இருந்துகொண்டேதான் இருக்கும். அமைதி குலைந்தால் காக்க வருவோர் யாருமிலர் என்பதே அதன் பொருள்.

நடப்பியலாரின் ஏனைய கருத்துகள் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. காப்பார் இல்லாத இடத்தில் ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், இது தன்னுதவி. தன்னைக் காக்க வலிமை வேண்டும். படை, பொருள், நிலம், மக்கள், நட்பரசுகள் அனைத்தும் வலிமையின் கூறுகள். பிற அரசின் உள்ளக்கிடக்கையை எவராலும் உறுதியாக அறிய இயலாது. ஆகவே அதன் சொல்லைக் காட்டிலும் அதன் திறனையே அளந்து பார்க்க வேண்டும். நட்பு உறவாயினும் உடன்படிக்கையாயினும் நலன் ஒத்திருக்கும் வரையில்தான் நீடிக்கும்.

நலன் மாறினால் உறவும் மாறும்

பராந்தகன் 907-ஆம் ஆண்டளவில் அரியணை ஏறினான். அவன் தந்தை ஆதித்தன் காலத்திலேயே சோழர்க்கும் இராட்டிரகூடர்க்கும் மணவுறவு இருந்தது. ஆதித்தனின் தேவியருள் ஒருத்தி இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணனின் மகள் என வரலாற்றாசிரியர் கருதுவர். அவள் வயிற்றில் பிறந்த கன்னரதேவன் இருக்கப் பராந்தகன் பட்டம் பெற்றான். பேரனுக்காகப் பாட்டன் படையெடுத்து வந்தான். திருவல்லத்தில் நிகழ்ந்த போரில் தோற்றுத் திரும்பினான். இரண்டு அரசுகளை இணைப்பதற்குச் செய்த திருமணமே இரண்டையும் போர்க்களத்தில் நிறுத்தியது. இந்நிகழ்ச்சி நடப்பியலார்க்கு வியப்பளிக்காது.

தெற்கே நிகழ்ந்ததும் கருதத்தக்கது. பராந்தகன் பாண்டியன் இராசசிம்மனைத் தாக்கினான். தனித்து நிற்க இயலாத பாண்டியன் இலங்கை மன்னனின் துணையை நாடினான். ஈழப்படை கடல் கடந்து வந்தது. 915-ஆம் ஆண்டளவில் வெள்ளூரில் நிகழ்ந்த போரில் இரு படைகளும் சோழனிடம் தோற்றன. எளியவர் இருவர் இணைந்து வலியவர் ஒருவரை எதிர்ப்பதை 'வல்லமைச் சமநிலை' என்னும் கோட்பாட்டால் விளக்குவர். ஓர் அரசு அளவுக்கு மீறி வளரும்போது சுற்றியுள்ள அரசுகள் தம் பழம்பகையையும் மறந்து ஒன்றுசேரும். இலங்கைக்கும் பாண்டியர்க்கும் முன்னர்ப் பகை இல்லாமலில்லை. இரண்டாம் சேனன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், ஈழப்படை மதுரையையே சூறையாடியிருந்தது. அந்த ஈழத்தாரிடமே பாண்டியன் துணை கேட்டான், அவர்களும் துணை வந்தனர். சோழனைப் பற்றிய அச்சம் அத்தனை வலிமையானது.

தோற்ற இராசசிம்மன் தன் முடியையும் அரசச் சின்னங்களையும் இலங்கையில் அடைக்கலமாக வைத்துவிட்டு, தாயின் நாடான கேரளத்துக்குச் சென்றான். மதுரையில் முறைப்படி முடிசூட விரும்பிய பராந்தகன் அவற்றைத் திருப்பிக் கேட்டான். இலங்கை மன்னன் மறுத்தான். சோழப்படை ஈழத்தின் மீது பாய்ந்தது; முடியோ உரோகண நாட்டுக் காடுகளுக்குள் கொண்டு செல்லப்பட்டது. ஒரு மணிமுடிக்காகவா கடல் கடந்து படை செல்ல வேண்டும் என்று மாணவர் கேட்கலாம். முடி கையில் இல்லாத வரை, பாண்டிய நாட்டில் தன் ஆட்சியை ஏற்காதோர்க்கு ஒரு பிடிப்பு இருந்துகொண்டே இருக்கும் எனச் சோழன் எண்ணினான். மதிப்பும் வலிமையின் ஒரு கூறே. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து முதலாம் இராசேந்திரன்தான் அம்முடியைக் கைப்பற்றினான்.

வடக்கே பராந்தகன் வாணர்களின் நாட்டைப் பறித்து, தன் நண்பனான கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்கு வழங்கினான். நாடிழந்த வாணர் இராட்டிரகூடரிடம் அடைக்கலம் புகுந்தனர். பிருதிவீபதி மறைந்தபின் சோழர்க்கு வடக்கே நல்ல துணை இல்லாமற்போயிற்று. கங்க நாட்டு அரியணையில் இரண்டாம் பூதுகன் அமர்ந்தான். அவன் இராட்டிரகூட இளவரசியை மணந்தவன். 939-இல் அரசனான மூன்றாம் கிருஷ்ணனுக்கு மைத்துனன். சோழரின் தோழமை நாடாக இருந்த கங்க நாடு சில ஆண்டுகளில் பகைநாடாயிற்று.

இவ்விடத்தில் கௌடில்யரின் மண்டலக் கோட்பாட்டை நினைவுகூர்தல் தகும். எல்லையை ஒட்டிய அரசு இயல்பாகவே பகைமை கொள்ளும்; பகைவனின் அப்பக்கத்தில் உள்ள அரசு இயல்பாகவே நட்புக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. வட்டத்துக்குள் வட்டமாக அரசுகளை வரைந்து, யாரோடு சேர்வது, யாரை விலக்குவது, எப்போது வாளாவிருப்பது என்று கணக்கிடுவர். பராந்தகனின் வரைபடத்தில் இக்கோட்பாடு பெரிதும் பொருந்துகிறது. சோழனுக்குப் பாண்டியன் பகை, சேரன் நட்பு. இராசாதித்தனின் தாய் கோக்கிழானடிகள் சேர இளவரசி. படைத்தலைவன் வெள்ளங்குமரன் சேரநாட்டவன்.

தெரிந்து தெளிவோம்

கௌடில்யரின் 'அர்த்தசாத்திரம்' நெடுங்காலம் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூரிலிருந்த கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு அளித்த ஓலைச்சுவடியிலிருந்து அதனை அடையாளம் கண்டு, 1909-இல் பதிப்பித்தவர் அந்நூலகத்தைச் சார்ந்த இரா.சாமசாத்திரி ஆவார்.

பாதுகாப்பு தேடப்போய்

மீண்டும் திருமுனைப்பாடிக்கு வருவோம். இராசாதித்தன் அங்கே படையுடன் தங்கியது தற்காப்புக்காகவே என்று சோழர் எண்ணினர். மானியகேடத்து அரண்மனையிலிருந்து நோக்குவோர்க்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? வாணரை ஒழித்தவன், பாண்டியனை ஓட்டியவன், ஈழத்துக்கும் படை அனுப்பியவன் இப்போது தன் மகனை வட எல்லையில் பெரும்படையுடன் நிறுத்தியிருக்கிறான் என்றுதான் தோன்றும். தற்காப்புக்கு எடுத்த வேலும் படையெடுப்புக்கு எடுத்த வேலும் ஒன்றுபோலவே இருக்கும். ஓர் அரசு தன் பாதுகாப்புக்காகச் செய்வது பிற அரசை அச்சுறுத்த, அதுவும் படை பெருக்க, முடிவில் இரண்டுக்குமே பாதுகாப்புக் குறைகின்ற இந்நிலையை 'பாதுகாப்பு இக்கட்டு' என்பர். இதற்கு 1950-இல் பெயரிட்டவர் ஜான் ஹெர்ஸ் என்னும் அறிஞர். இங்குத் தீயோர் எவரும் இல்லாமலேயே போர் மூளக்கூடும் என்பதுதான் நம்மைத் திகைக்க வைக்கும் செய்தி. மூன்றாம் கிருஷ்ணனை அவ்வாறு ஒன்றுமறியாதவன் என்று சொல்லிவிட முடியாது. அவனுக்கு நில வேட்கையும் இருந்தது.

949-ஆம் ஆண்டு இரு படைகளும் தக்கோலத்தில் மோதின. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்துக்கு அருகே, காட்டுமன்னார்கோயிலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். யானைமேல் இருந்து பொருத இராசாதித்தன் அவ்யானையின் மேலேயே உயிர் நீத்தான். சோழர் தரப்புச் செய்தியை ஆனைமங்கலச் செப்பேடு கூறுகிறது. இராட்டிரகூடர் தரப்புச் செய்தி கருநாடகத்து ஆதகூரில் கிடைத்த கல்வெட்டில் உள்ளது. இராசாதித்தனை வீழ்த்திய பூதுகனுக்குக் கிருஷ்ணன் வனவாசி முதலிய நாடுகளைப் பரிசளித்த செய்தியை அது சொல்கிறது. அக்கல், காட்டுப்பன்றியோடு போராடி மடிந்த காளி என்னும் வேட்டை நாய்க்கு எடுத்த நினைவுக்கல் என்பது இன்னும் சுவையான செய்தி. ஒரு பேரரசு நிலைகுலைந்த வரலாறு ஒரு நாயின் வீரக்கல்லில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது.

தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போயிற்று. கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்டவன்' என்று தன்னைக் கூறிக்கொண்டான். தெற்கே வீரபாண்டியன் தலைநிமிர்ந்தான். ஆயினும் வென்றவரின் வாழ்வும் நெடிதன்று. 967-இல் கிருஷ்ணன் இறந்தான்; 972-இல் மாளவத்துப் பரமார மன்னன் சீயகன் மானியகேடத்தைச் சூறையாடினான்; 973-இல் சாளுக்கியன் இரண்டாம் தைலபன் இராட்டிரகூட அரசையே முடித்துவைத்தான். தக்கோலத்தில் வென்றவர் கால் நூற்றாண்டுக்குள் மறைந்தனர், தோற்றவர் அடுத்த அரை நூற்றாண்டில் தென்னகத்தின் பேரரசாயினர். அகலக்கால் வைக்கும் வல்லரசு தன் வலிமையாலேயே தளரும் என்று நடப்பியலாருள் ஒரு சாரார் எச்சரிப்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பராந்தகனும் அத்தவற்றைச் செய்தவனே. தெற்கே ஈழம் வரை கை நீட்டியவன் வடக்கே நண்பரை இழந்து நின்றான்.

நூலோர் கருத்து

மேலைநாட்டில் இச்சிந்தனையின் முன்னோடியாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீசைக் குறிப்பர். ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் கி.மு. 431 முதல் 404 வரை நடத்திய போரை எழுதிய அவர், ஏதென்சின் வளர்ச்சியும் அதனால் ஸ்பார்ட்டா கொண்ட அச்சமுமே போரின் உண்மைக் காரணம் என்றார். பின்னாளில் மாக்கியவெல்லியும் தாமஸ் ஹாப்சும் வலிமையைப் பற்றிய இச்சிந்தனைக்கு வளம் சேர்த்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் இஃது ஒரு கல்வித்துறைக் கோட்பாடாக உருப்பெற்றது. முதல் உலகப்போருக்குப் பின் 1920-இல் நாடுகளின் கழகம் தோன்றியபோது, சட்டத்தாலும் நல்லெண்ணத்தாலும் போரை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஓங்கியிருந்தது. அந்நம்பிக்கையைக் கடுமையாக ஆராய்ந்த ஈ.எச்.காரின் நூல் 1939-இல், இரண்டாம் உலகப்போர் மூண்ட அதே ஆண்டில் வெளிவந்தது. 1948-இல் ஹான்ஸ் மார்கெந்தாவ், அரசுகளின் அரசியல் என்பது வலிமைக்கான போராட்டமே என்றும், அதன் வேர் மனித இயல்பில் உள்ளது என்றும் எழுதினார். 1979-இல் கென்னத் வால்ட்ஸ் அதனை மறுத்து, மன்னர் நல்லவரா தீயவரா என்பது பெரிதன்று, மேலதிகாரமற்ற அமைப்பே அரசுகளை அவ்வாறு நடக்கச் செய்கிறது என்றார். தக்கோலத்தை மார்கெந்தாவ் வழியில் நோக்கினால் கிருஷ்ணனின் வேட்கை முன்னிற்கும். வால்ட்ஸ் வழியில் நோக்கினால் இரு பேரரசுகளுக்கிடையே நசுங்கிய வாண, கங்க நாடுகளின் இருப்பிடம் முன்னிற்கும். இரண்டாவது விளக்கமே இந்நிகழ்ச்சிக்குக் கூடுதலாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

அறத்துக்கு இடம் உண்டா?

இப்பாடத்தை நடத்தும் ஆசிரியரிடம் மாணவர் தவறாமல் கேட்கும் வினா இது. இல்லை என்று விடையளிப்பது எளிது. ஆனால் அது சரியன்று. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், அரண், படைமாட்சி, பகைமாட்சி, உட்பகை எனத் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவர் வலி என நான்கையும் சீர்தூக்கச் சொல்லும் வள்ளுவர்தாம் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் பாடினார். வலிமையை அளந்தறிதல் அறத்துக்குப் பகையன்று என்பது இதனால் விளங்கும். மார்கெந்தாவும் முன்யோசனையை அரசியலின் தலையாய நற்பண்பாகக் கொண்டவரே. நோக்கம் உயர்ந்தது என்பதற்காக விளைவை எண்ணாமல் மக்களைப் போருக்குள் தள்ளும் தலைவனை அவர் அறவோனாக ஏற்கவில்லை.

எனினும் நடப்பியலின் கண்ணுக்குத் தெரியாதவையும் உள. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியின் அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்றோரான சோமன், இரவிதாசன் முதலியோரின் நிலங்களும் அவர்தம் உறவினர் நிலங்களும் பறிக்கப்பட்டதை அது தெரிவிக்கிறது. அவர்களுள் சிலர் சோழ அரசில் பட்டம் பெற்ற அதிகாரிகள். அரசுகளை ஒற்றை உயிர்போலக் கருதி, சதுரங்கக் காய்களாக நகர்த்திப் பார்க்கும் கோட்பாடு, அரசுக்குள்ளேயே பல விருப்பங்கள் மோதுவதைக் காணத் தவறுகிறது.

தக்கோலத்துக்குப் பின் நிகழ்ந்த மற்றொன்று. சேரநாட்டைச் சார்ந்த வல்லபன் என்னும் தலைவன், போர்க்களத்தில் இராசாதித்தனோடு உயிர்விட இயலாமற்போனதற்கு நாணி, துறவு பூண்டு திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்னும் மடத்துத் தலைவரானார் என்று அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. கோயில் கட்டிய வெள்ளங்குமரனே இவர் என்பாரும் உளர். அக்கல்வெட்டு வென்றவனான மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறித்து எழுதப்பட்டது. நலன் மாறினால் நட்பு மாறும் என்ற கணக்கில் இத்தகைய மனிதர்க்கு இடமில்லை.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கடல் கடந்த ஸ்ரீவிசய மன்னன் எழுப்பிய அப்பௌத்தப் பள்ளிக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1025-இல், அவன் மகன் இராசேந்திரனின் கப்பற்படை அதே ஸ்ரீவிசயத்தைத் தாக்கியது. வணிகப் பாதையின் நலன் நட்பை வென்றது என்று நடப்பியலார் கூறுவர். அது சரியே. ஆனால் விகாரை நின்றது; 1090-இல் முதலாம் குலோத்துங்கன் அதன் உரிமைகளை மீண்டும் உறுதிசெய்து செப்பேடு வழங்கினான். போரால் அறுந்த உறவின் ஓர் இழை அறாமல் இருந்ததை எக்கணக்கில் சேர்ப்பது?

இன்று

அரசுக்கு மேல் அதிகாரம் இருந்தால் என்னவாகும் என்பதற்கும் வீராணமே சான்று தருகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாறு வழியாக இவ்வேரிக்கு நீர் வருகிறது. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் செல்கிறது. அந்நீரின் அளவு மேலே காவிரியில் வருவதைப் பொறுத்தது. காவிரிப் பூசலுக்கு 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது; 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது; 2018-இல் உச்சநீதிமன்றம் கருநாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது, அதே ஆண்டில் மேலாண்மை ஆணையமும் அமைந்தது. உழவர்க்கு இதில் மனக்குறைகள் உண்டு. இருப்பினும் தமிழகமும் கருநாடகமும் நீருக்காக வழக்கறிஞரைத்தான் அனுப்புகின்றன.

இரு நாடுகளுக்கிடையே ஓடும் ஆற்றுக்கு அத்தகைய மன்றம் இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் சிந்துநதி நீர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. உலக வங்கி நடுநின்றது. 1965, 1971 போர்களின்போதும் அவ்வுடன்படிக்கை குலையவில்லை. பகைவரிடையேயும் விதிகள் வாழும் என்று சொல்வோர் அதனை எடுத்துக்காட்டினர். 2025 ஏப்ரலில் பகல்காம் தாக்குதலுக்குப் பின் இந்தியா அதனை நிறுத்திவைத்தது. நடப்பியலார் இப்போது அதனை எடுத்துக்காட்டுகின்றனர். அறுபத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது பெரிதா, ஒரு நாளில் நிறுத்திவைக்க முடிந்தது பெரிதா என்பதில் இரு சாராரும் இன்னும் உடன்படவில்லை.